கன்னி வேட்டையும் தனி வேட்டையும்

(புதுமடம், பரிவேட்டைத் திருநாள் இரவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை நம் பெருமான் குதிரை வாகனத்தில் எழுந்தருளி, ஊர்ப்புறத்துத் திடலில் திசைதோறும் அம்பு தொடுத்து, வேட்டை முடித்துத் திருக்கோயிலுக்கு மீண்டருளினார். நாகசுரமும் தவிலும் முன்னே முழங்க, அதிர்வேட்டு வானைப் பிளக்க, இளைஞர்கள் ஆரவாரித்துக் கொண்டு பின்னே வந்தனர். பரி என்றால் குதிரை. பரிமேல் சென்று ஆடும் வேட்டை பரிவேட்டை. நம் பக்கத்தார் இதனைப் பாரிவேட்டை என்று வழங்குவர். இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்கள் போற்றி வளர்த்த நவராத்திரிப் பெருவிழாவின் முடிவில், விசயதசமியன்று மகர்நோன்பு என்னும் பெயரால் அம்பு விடும் விழா நிகழ்வதையும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே வேட்டைத் திருநாள் இச்சேது நாட்டு மக்களுக்குப் புதியது அன்று.

ஆயினும், இம்முழக்கத்தைக் கேட்டுக்கொண்டே திடலில் நின்றபோது அடியேன் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. இவ்வளவு ஓசையோடு புறப்பட்டால் எந்த மான் அங்கே நிற்கும்? மெய்யான வேட்டையிலும் பறை உண்டு, ஆரவாரம் உண்டு. ஆனால் அது எப்போது ஒலித்தது? அதற்கு முன்னே யார் போனார்கள்? எப்படிப் போனார்கள்? இந்த ஐயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணப்ப நாயனார் வரலாற்றுக்குள் சிறிது நேரம் நுழைந்து பார்ப்போம். நீங்கள் நூறு முறை கேட்ட வரலாறுதான். என்றாலும் கண் அப்பிய அந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணியே நாம் பெரும்பாலும் உருகிவிடுகிறோம். அதற்கு முந்தைய ஐந்து நாட்களில் அப்பெருந்தகை என்ன செய்தார் என்பதை நின்று பார்ப்பதில்லை.

முதலில் மான் என்னும் உயிரின் இயல்பைச் சிறிது சொல்ல வேண்டும். இறைவன் அதற்குப் படைக்கலம் எதனையும் பெரிதாகக் கொடுக்கவில்லை. கலைமானுக்குக் கொம்பு உண்டு எனினும், அது பெரிதும் தன் இனத்தோடு பொருவதற்கே பயன்படும். மானைக் காப்பவை அதன் மூக்கும் செவியும் காலும். புள்ளிமான் காற்றில் வரும் மணத்தைக் கொண்டே மனிதன் வருவதை அறிந்துவிடும். ஐயம் தோன்றினால் தலையை நிமிர்த்தி அசையாது நிற்கும். முன்காலால் தரையைத் தட்டும். பின்னர் வாலைத் தூக்கிக் கொண்டு கூரிய குரல் ஒன்று எழுப்பும். அவ்வளவுதான். அந்த ஒரு குரலால் மந்தை முழுவதும் மறைந்துவிடும். வெட்டவெளியில் வாழும் வெளிமானோ கண்ணையே பெரிதும் நம்புவது. நெடுந்தொலைவில் அசையும் ஓர் உருவத்தைக் கண்டாலே தாவத் தொடங்கிவிடும்.

இத்தகைய உயிரின் இருப்பிடத்தை அதற்குத் தெரியாமல் அறிந்து வருவது எளிய செயலா? சட்டம் தடை செய்வதற்கு முந்திய காலத்தில் வேட்டைக்குப் போய்வந்த முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேட்டை நாளில் பொழுது புலருமுன்னே ஓரிருவர் மட்டும் போவார்களாம். காற்று முகத்தில் படும்படியாகவே நடப்பார்கள். காற்று முதுகுக்கு மாறினால், எத்தனை தொலைவு நடந்திருந்தாலும் திரும்பிச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகவே வருவார்கள். மான் படுத்திருக்கும் புதருக்குள் நுழைய மாட்டார்கள். அதன் ஓரத்தைச் சுற்றியே வருவார்கள். மண்ணில் பதிந்த குளம்படியின் விளிம்பு கூர்மையாக இருந்தால் சற்று முன்னர்ப் போனது. விளிம்பு சரிந்து பனி அதன்மேல் படிந்திருந்தால் நேற்றுப் போனது. புழுக்கை ஈரமாக இருக்கிறதா, உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். கொம்பு உரசிய மரப்பட்டையைப் பார்ப்பார்கள். மேய்ந்த புல்லின் நுனி வாடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சருகின்மேல் கால் வைக்க மாட்டார்கள்; குச்சியை ஒடிக்க மாட்டார்கள்; வழியில் கட்டிய சிலந்தி வலையையும் குனிந்து கடப்பார்களே ஒழியக் கலைக்க மாட்டார்கள். ஒருவன் வந்து போனான் என்பதே காட்டுக்குத் தெரியக்கூடாது.

ஆட்காட்டிக் குருவியை நீங்கள் அறிவீர்கள். நம் கண்மாய்க் கரைகளிலும் உவர்நிலங்களிலும் திரியும் பறவை. மனிதன் வருவதைக் கண்டவுடன் கத்திக்கொண்டு மேலெழுந்து ஊரையே கூட்டிவிடும். ஆளைக் காட்டிக் கொடுப்பதால் அதற்கு அப்பெயர். அக்குருவியைக் கத்தவிடாமல் ஒருவன் காட்டுக்குள் போய்வந்தால்தான் அவனை வேட்டை அறிந்தவன் என்று ஒப்புக்கொள்வார்களாம். வேட்டைத் திறத்துக்கு இதைவிட நல்ல தேர்வு ஒன்று இருக்க முடியுமா?

இதனைக் கடற்கரையில் வாழும் நீங்கள் எளிதில் உணர்வீர்கள். கரைவலை போடுபவர் கரையில் நின்று நீரின் நிறத்தையும், மேலே வட்டமிடும் பறவையையும், அலையின் சிறு நெளிவையும் பார்த்தே மீன் திரள் இருக்கும் இடத்தை அறிகிறார். வலை கடலை வளைத்துக் கரைக்கு வந்து சேரும்வரை அங்கே வீண் கூச்சல் கிடையாது. கயிற்றை இழுக்கத் தொடங்கிய பின்னரே அம்பாப் பாட்டு எழும்பும். முதலில் பார்வை, அடுத்து வலை, அதன் பிறகே ஓசை. காட்டுக்கும் கடலுக்கும் முறை ஒன்றாகவே இருக்கிறது.

இனி உடுப்பூருக்குப் போவோம். பொத்தப்பி நாட்டில் உள்ள வேடர் ஊர் அது. சேக்கிழார் பெருமான் அவ்வூரைக் காட்டும் அழகைப் பாருங்கள். விளாமரங்களில் வேட்டை நாய்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அம்மரக் கிளைகளில் நெடிய வலைகள் தொங்குகின்றன. பாறை முற்றங்களில் மலைநெல் உலர்கிறது. பன்றி, புலி, கரடி, கடமை, மான் ஆகியவற்றின் பார்வைகளும் அங்கே உள்ளன. பார்வை என்பது வேடர் வழக்குச் சொல். காட்டு விலங்கைப் பிடிப்பதற்காக அதன் இனத்திலேயே ஒன்றைப் பழக்கி வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பார்வை என்று பெயர். காட்டு மான் அதனைக் கண்டு, தன் இனம் என்று நம்பி அஞ்சாமல் அருகே வரும். சோழப் பேரரசில் அமைச்சராக இருந்த பெருமானுக்கு வேடர் முற்றத்தில் எது தொங்கும், எது உலரும் என்பதெல்லாம் எவ்வாறு தெரிந்ததோ! அரண்மனையிலிருந்து எழுதியவர் போலவா இருக்கிறது?

இந்தப் பார்வை என்னும் சொல்லைச் சித்தாந்த நூலார் விட்டுவிடவில்லை. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் குருவடிவத்தின் உண்மையை விளக்க இதனையே உவமையாக எடுக்கிறார். விலங்கைப் பிடிக்க விலங்கையே காட்டுவது போல, மக்களை ஆட்கொள்ள இறைவன் மக்கள் வடிவத்தைப் போர்த்துக்கொண்டு வருகிறான். அது போர்வை என்பதை உலகம் அறியாது என்பது அவர் கருத்து. இடி இடித்தாற்போல் தன் பேருருவோடு வந்தால் நாம் அஞ்சி ஓடிவிடுவோம் என்பது அவனுக்குத் தெரியும். நம்மைக் கலைக்காமல் நம்மிடம் வருகிறான். ஆக, முதல் வேட்டுவன் அவனே. இக்கருத்தை இப்போதைக்கு மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகனுக்கு முதுமை வந்தது. மலைச்சாரலில் விலங்குகள் பெருகிப் பயிரை அழித்தன. வேடர்கள் வந்து முறையிட்டார்கள். இனி நான் வேட்டைக்கு ஆற்றேன் என்று தன் மகன் திண்ணனாரைத் தலைவராக்கினான் நாகன். பதினாறு வயது இளைஞர். அவர் தலைவராகிப் புறப்படும் முதல் வேட்டை ஆதலின் அதற்குக் கன்னி வேட்டை என்று பெயர். தேவராட்டி வந்து வழிபாடு செய்து வாழ்த்தினாள். விடியலில் புறப்பட்டார்கள்.

இங்கே பெரியபுராணப் பாடல்களின் வரிசையை ஊன்றிப் பார்க்க வேண்டும். வேடர்கள் முதலில் ஓடிச் சென்று செடிகொடிகளை ஒதுக்கி, ஒரு யோசனைப் பரப்புக்கு நெடிய வலைகளைக் கட்டிக் காட்டைக் காவல் செய்கிறார்கள். அவ்வேலை முடிந்த பின்னரே திண்ணனாரிடம் மீண்டு வருகிறார்கள். அதன்பிறகு நாய்களை எட்டுத் திக்கிலும் விடுகிறார்கள். அதற்கும் பிறகே துடியும் பம்பையும் முழங்குகின்றன. கை தட்டி ஆரவாரித்து விலங்குகளை எழுப்புகிறார்கள். ஒரு யோசனைப் பரப்பை வலையால் வளைப்பதென்றால், விலங்குகள் எங்கே படுத்திருக்கின்றன, எவ்வழியே நீருக்கு இறங்குகின்றன, எழுந்தால் எப்பக்கம் பாயும் என்பவற்றையெல்லாம் முன்னரே அறிந்திருக்க வேண்டாமா? அறிந்து வந்தவர்கள் காட்டை அறியவிடாமல் வந்திருக்க வேண்டாமா? ஒரு மான் முன்னரே குரல் கொடுத்திருந்தால் அத்தனை வலையும் வெறுங்காட்டைத்தான் வளைத்திருக்கும். இன்று மாலை என் மனத்தில் எழுந்த ஐயத்துக்கு விடை இதுவே.

அடுத்து வருவது இன்னும் அரியது. அத்தனை ஆரவாரத்துக்கு நடுவிலும் அவ்வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்று அடி தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்தவில்லை என்கிறார் சேக்கிழார். புழுதியும் கூச்சலும் நிறைந்த இடத்தில், பாய்ந்தோடும் பிணைகளுள் எது சினையுற்றது என்று ஒரு நொடியில் எப்படித் தெரியும்? அமைதியாக இருந்தபோது அவற்றின் நடையைப் பார்த்து வைத்த கண்ணுக்கே அது தெரியும். விரட்டத் தொடங்கிய பிறகு பார்ப்பவனுக்கு எல்லாம் ஓடும் இறைச்சியாகவே தோன்றும். பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவனிடத்தில்தான் அருள் பிறக்க இடம் உண்டு. வேடர் குலத்தின் கொலைத்தொழிலுக்கு உள்ளேயே இந்த வரம்பு இருந்தது. அவ்வரம்பு இருந்த இடத்தில்தான் ஒரு கண்ணப்பர் தோன்ற முடிந்தது என்று கொள்வதில் தவறில்லை.

அவ்வேட்டையில் ஒரு பன்றி வலைகளை அறுத்துக் கொண்டு ஓடிற்று. திண்ணனார் அதனைத் தொடர்ந்தார். நாணன், காடன் இருவர் மட்டும் உடன் ஓடினர். நெடுந்தொலைவு ஓடி, இளைத்து, மரச்சூழலில் நின்ற பன்றியைத் திண்ணனார் தம் உடைவாளால் வீழ்த்தினார். நீர் வேட்கை. பொன்முகலி ஆறு அருகில் இருப்பதை நாணன் சொன்னான். ஆற்றங்கரையில் நின்று மலையைப் பார்த்தார். அம்மலைமேல் குடுமித்தேவர் இருக்கிறார், கும்பிடலாம் என்றும் நாணனே சொன்னான். அதன்பின் நடந்தவை நீங்கள் அறிந்தவை. திண்ணனார் கண்டார்; தழுவினார்; வேட்டையை மறந்தார்; தம்மையும் மறந்தார்.

எனக்கு எப்போதும் இரக்கம் தருபவன் இந்த நாணன். வழி சொன்னவன் அவன். பெயர் சொன்னவன் அவன். முன்னொரு நாள் நாகனோடு அங்கே வந்து, அந்தணர் ஒருவர் நீர் ஆட்டி இலையும் பூவும் இட்டதைக் கண்ணால் பார்த்தவனும் அவனே. காட்டில் எல்லாத் தடங்களையும் அறிந்தவன், குடுமித்தேவர் முன்னும் நின்றான். ஒன்றும் நேரவில்லை. இறைச்சி வீணாகிறதே, ஊர் திரும்ப வேண்டுமே என்னும் கவலையோடு போய்விட்டான். நாணன் நம்மில் பலரைப் போன்றவன். திருக்கோயிலின் வாயில் எது, நடை திறக்கும் நேரம் எது, எந்த நாளில் எந்த வாகனம் என்பதெல்லாம் நமக்குத் தெரியும்.

மறுநாள் முதல் திண்ணனார் ஆடியது வேறு வேட்டை. அதனைத் தனி வேட்டை என்று நான் சொல்லிக் கொள்கிறேன். நாய் இல்லை, வலை இல்லை, பறை இல்லை, துணைவர் இல்லை. நாணனும் காடனும் நாகனுக்குச் செய்தி சொல்லப் போய்விட்டார்கள். இரவெல்லாம் வில்லேந்திக் கண் துயிலாமல் பெருமானுக்குக் காவல் நின்றவர், இருள் பிரியுமுன் தனியே மலைச்சாரலில் இறங்குகிறார். முதல் நாள் ஒரு படையே சேர்ந்து செய்த வேலையை இப்போது ஒருவர் செய்ய வேண்டும். ஓசையால் எழுப்பிப் பிடிக்க வழி இல்லை. மான் இருக்கும் இடத்தை அது அறியாமல் அறிந்து, காற்றுக்கு எதிரே நடந்து, அடிமேல் அடி வைத்து அணுகினால்தான் பெருமானுக்கு அன்று அமுது உண்டு. முன்னே போய்ப் பார்ப்பவரும் அவரே, எய்பவரும் அவரே, சுட்டுச் சுவை பார்த்துத் தேனில் கலந்து சுமந்து வருபவரும் அவரே.

அந்த விடியலைப் பாடும்போது சேக்கிழார் கையாளும் உவமை ஒன்று என் நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை. காட்டில் விலங்கை வளைப்பதற்காகக் கட்டும் கருந்திரை ஒன்று உண்டு. இருளாகிய அந்தக் கருந்திரையை எடுத்துக் கை காட்டுபவன் போலக் கதிரவன் எழுந்தான் என்கிறார். பொழுது விடிவதற்கு உலகில் எத்தனையோ உவமைகள் உள. திண்ணனார் கண்ணால் பார்த்த விடியலுக்கு இது ஒன்றே பொருந்தும். வானமும் அவருக்கு வேட்டைத் துணையாயிற்று.

இப்போது மலையுச்சியைப் பார்ப்போம். திண்ணனார் இறங்கிய சிறிது நேரத்தில் சிவகோசரியார் பூசைக்கு வருகிறார். ஆகம நெறி பிறழாதவர், தூயவர், பெருமானிடத்து உண்மையான அன்புடையவர். திருமுன்பு இறைச்சியும் எலும்பும் கிடப்பதைக் கண்டு அலறுகிறார். யாரோ வேடர் செய்த அநுசிதம் என்று வருந்தி, எல்லாவற்றையும் நீக்கித் தூய்மை செய்து, மீண்டும் நீராடி வந்து முறைப்படி பூசை செய்து போகிறார். அவர் போன பின் திண்ணனார் வருகிறார். முன் இருந்த பூவைச் செருப்படியால் நீக்கி, வாயில் கொணர்ந்த நீரை உமிழ்ந்து, தலையில் செருகி வந்த பூவைச் சூட்டி, இறைச்சியை ஊட்டுகிறார். இப்படியே நாட்கள் கழிகின்றன. ஒருவர் வைத்ததை மற்றவர் அகற்றுகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. இருவரும் அன்பர்கள்.

சிவகோசரியாரைக் குறை கூறுவது எளிது. பல சொற்பொழிவாளர்கள் அதைச் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். அவர் கண்ணீர் பொய்க் கண்ணீர் அன்று. ஆனால் அவர் அறிந்தது எதனை? கிடந்த எலும்பை அறிந்தார். அதனை வைத்த கையை அறியவில்லை. வேட்டை மொழியில் சொன்னால், அவர் தடத்தை மட்டும் கண்டு அதனை அழித்துக்கொண்டே இருந்தார். தடத்துக்கு உரியவரைப் பார்க்கக் காத்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் இரவு பெருமான் அவர் கனவில் எழுந்தருளினார். அவனை வேடன் என்று எண்ணாதே. அவன் வடிவெல்லாம் நம்மேல் வைத்த அன்பு. அவன் அறிவெல்லாம் நம்மை அறியும் அறிவு. அவன் செயலெல்லாம் நமக்கு இனியவை என்றார். இவ்வளவு சொன்ன பெருமான் இதனோடு நிறுத்தியிருக்கலாம். இறைவன் வாக்குக்கு மேல் சான்று எதற்கு? ஆயினும் நிறுத்தவில்லை. நாளை நீ ஒளிந்திருந்தால் அவன் செயலைக் காண்பாய் என்று சொல்லி மறைந்தார்.

மெய்யன்பர்களே, இந்த ஆணை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். வேதியருக்கு இறைவன் கற்பித்தது வேடர் தொழில்! ஒளிந்திரு, அசையாதே, வருபவன் உன்னை அறிய வேண்டாம், அவன் இயல்பாக என்ன செய்கிறான் என்பதைப் பார். மான் நிற்கும் துறைக்கருகே புதரில் அமர்ந்திருக்கும் வேட்டுவன் செய்வதும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு. வேட்டுவன் கையில் அம்பு இருக்கும்; சிவகோசரியார் கையில் ஒன்றும் இல்லை. அவர் தடுத்துப் பேசியிருந்தால், அட பாவி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், திண்ணனார் திகைத்து நின்றிருப்பார். அன்பு என்பதும் மானைப் போன்றதே. யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று அறிந்த கணத்தில் அது தன் இயல்பை விட்டு நின்றுவிடும்.

ஆறாம் நாள் விடியலில் சிவகோசரியார் பொன்முகலியில் நீராடி, வழக்கம்போல் பூசை செய்து, பெருமானுக்குப் பின்னே ஒளிந்துகொண்டார். திண்ணனார் வேட்டை முடித்து விரைந்து வருகிறார். வழியில் பறவைகளின் போக்கும் குரலும் தீய குறிகளாகத் தோன்றுகின்றன. இவை உதிரம் காட்டுகின்றனவே, என் பெருமானுக்கு என்ன நேர்ந்ததோ என்று நெஞ்சம் பதறி ஓடி வருகிறார். இதுவரை இறைச்சிக்காகக் காட்டைப் படித்த அதே அறிவு இப்போது இறைவனுக்காகக் காட்டைப் படிக்கிறது. பெருமானின் வலக்கண்ணில் குருதி பெருகுகிறது. யார் செய்தார் என்று வில்லெடுத்து நெடுந்தொலைவு தேடினார். வேடரையும் காணவில்லை, கொடிய விலங்கையும் காணவில்லை. எந்தத் தடத்தையும் கண்டுபிடிக்கத் தெரிந்த அந்தக் கண்ணுக்கு இந்த ஒரு தடம் மட்டும் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? புண் செய்தவர் எதிரேயே இருக்கிறார். பார்வை வைத்துப் பிடிக்கும் வேட்டுவன் என்று முன்னே சொன்னேன் அல்லவா? இங்கே அவன் தன் கண்ணையே பார்வையாக வைத்தான்.

மூலிகை பிழிந்தார்; பயனில்லை. ஊனுக்கு ஊனே மருந்து என்னும் பழமொழி நினைவுக்கு வந்தது. வலக்கண்ணை அம்பால் இடந்து அப்பினார், குருதி நின்றது, ஆடினார். இடக்கண்ணிலும் குருதி வந்தபோது, அடையாளத்துக்குத் திருவடியை ஊன்றிக்கொண்டு மற்றக் கண்ணில் அம்பை ஊன்றினார். பெருமான் திருக்கை வெளிப்பட்டு அவர் கையைப் பிடித்துத் தடுத்தது. நிற்குமாறு மும்முறை திருவாக்கு எழுந்தது. இதனை நான் விரிக்கவில்லை. மணிவாசகப் பெருமானே திருக்கோத்தும்பியில் கண்ணப்பரின் அன்புக்கு ஒப்பான அன்பு தம்மிடத்தில் இல்லையே என்று நைந்தார். நமக்கு அருகே உத்தரகோசமங்கையில் நீத்தல் விண்ணப்பம் பாடி அழுதவர் அவர். அவருக்கே அப்படியென்றால், நான் இதில் என்ன சொல்லிவிட முடியும்?

சிலர் கேட்பார்கள்: வேட்டையை இவ்வளவு புகழலாமா? இன்று அது குற்றம் அல்லவா? ஆம், குற்றமே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானைக் கொல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அது நல்ல சட்டம். ஆனால் முன்னே போய் ஓசையின்றிப் பார்த்து வருகின்ற கலை அழிந்துவிடவில்லை. வேதாரணியத்தை அடுத்த கோடிக்கரையில் வெளிமான்களுக்கென 1967-இல் சரணாலயம் அமைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் வல்லநாட்டில் 1987-இல் அமைந்தது. அங்கெல்லாம் மான்களைக் கணக்கெடுக்கும் நாளில் வனத்துறையாரும் தொண்டர்களும் குழுக்களாகப் பிரிந்து, பேசாமல் நடந்து, தொலைவில் நின்றே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். மந்தை கலைந்துவிட்டால் கணக்கும் கலைந்துவிடும். பழைய வேட்டை நாளின் முற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பிற்பகுதியை நாம் நீக்கிவிட்டோம்.

அந்தக் கோடிக்கரையில் கோடிக்குழகர் என்னும் பெயரோடு வீற்றிருக்கும் பெருமானைச் சுந்தரமூர்த்தி நாயனார் கண்டபோது, கடற்காற்று மோதும் கரையில், ஆந்தையும் கூகையும் அலறும் காட்டில், கொடிய வேடர் வாழும் இடத்தில் இப்படித் தனியே இருக்கிறீரே என்று இரங்கிப் பாடினார். இன்று அக்கரையில் மான்கள் அஞ்சாமல் மேய்கின்றன. சுந்தரர் இப்போது வந்தால் பெருமானுக்குத் துணை கிடைத்துவிட்டது என்று சொல்வாரோ என்னவோ! கையில் மான் ஏந்திய பெருமானுக்கு அதைவிட நல்ல துணை எது?

நம் ஊருக்கு வருவோம். இங்கே கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கொலியும் ஒரே கடற்காற்றில்தான் கலந்து வருகின்றன. ஒருவர் வழிபாட்டை மற்றவர் கண்டும், கலைக்காமலும் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறோம். ஆனால் நம் கோயிலுக்குள்ளேயே பாருங்கள். திருமுன்பில் யாரோ ஒரு மூதாட்டி முறை தெரியாமல் எதையோ வைத்துவிட்டால், அர்ச்சகர் வாய் திறக்குமுன் நாம் நால்வர் பாய்ந்து அதட்டுகிறோம். விபூதியைத் தப்பாக இட்ட சிறுவனைத் தலையில் குட்டுகிறோம். கருவறை வாயிலில் கண்மூடி நிற்பவரை இடித்துத் தள்ளிக்கொண்டு கைப்பேசியை உயர்த்துகிறோம். ஆட்காட்டிக் குருவி நம் எல்லோருக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிரசாதம் கொடுத்து வளர்க்கிறோம். ஆகமம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிவகோசரியார் அந்த ஆறாம் நாளிலும் தம் பூசையை முறைப்படி முடித்துவிட்டே ஒளிந்தார் என்பதை மறக்க வேண்டாம். முறையைக் காத்தார், அதன்பின் காத்திருந்தார்.

கண்ணப்ப நாயனாரின் குருபூசை நாள் தைத் திங்கள் மிருகசீரிடம். அந்த விண்மீனுக்கு மான்தலை என்பதே பொருள்; தமிழ் நிகண்டுகளும் அப்பெயரால் வழங்கும். அதற்கு அடுத்த விண்மீன் திருவாதிரை, நம் பெருமானுக்கு உரியது. வானத்தில் அந்த மானுக்குத் தென்கிழக்கே மிக ஒளியோடு தோன்றும் மீனை மிருகவியாதன், மானைத் தொடரும் வேடன், என்பர் வடநூலார். தை மாதத்து முன்னிரவில் நம் கடற்கரைக்குப் போய் நின்றால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். விளக்கொளி இல்லாத இடமாக நிற்க வேண்டும், அவ்வளவே.

கடைசியாக ஒன்று. கண் இடந்து அப்பியபோதும், இறைவன் கை பிடித்தபோதும், இரண்டையும் ஞானமுனிவர் கண்டார் என்கிறார் சேக்கிழார். வானவர் பூமாரி பொழிந்தனர்; மறைகள் ஒலித்தன. சிவகோசரியார் மறைவிடத்தை விட்டு வெளியே வந்தாரா, திண்ணனாரின் காலில் விழுந்தாரா, ஏதேனும் பேசினாரா என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. கண்டார் என்பதோடு பாடல் அவரை அங்கேயே, பெருமானுக்குப் பின்னால், ஓசையின்றி விட்டுவிடுகிறது.

திருச்சிற்றம்பலம்.